பிரித்தானியாவில் தக்காளி பழுக்கும் காலம்

தக்காளி தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் தோன்றி, மெக்சிக்கோவில் பயிராக்கப்பட்டு, 16 ஆம் நூற்றாண்டில் எசுப்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்த செடியாகும். பிரித்தானியாவின் குளிர்ந்த, குறுகிய கோடையில் திறந்த வெளியில் நட்ட தக்காளி பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மட்டுமே பழுக்கிறது. பசுமைக்குடிலில் வளரும் செடியோ ஜூலையிலேயே பழம் தரத் தொடங்கி, அக்டோபர் வரை தொடர்கிறது. இந்தச் சில வார வேறுபாட்டைப் பெறுவதற்கான முயற்சியே அந்நாட்டுத் தக்காளியின் வரலாறு. வரியும் வணிகமும் போரும் அதில் பங்கு பெற்றுள்ளன.

பழுத்தலும் வெப்பமும்

பூ பிஞ்சாகி முழு அளவுக் காயாக வளர ஏறத்தாழ 40 நாட்கள் ஆகின்றன. அதன்பின் நிறம் மாறிப் பழமாக மேலும் ஓரிரு வாரங்கள் தேவை. குளிர் மிகுந்தால் இந்தக் காலம் நீளும். 20 முதல் 25 பாகை செல்சியசு வரையான வெப்பம் பழுப்பதற்கு ஏற்றது. சுமார் 10 பாகைக்குக் கீழே பழுத்தல் ஏறக்குறைய நின்றுவிடும். 30 பாகையைத் தாண்டினாலும் சிக்கல் உண்டு. சிவப்பு நிறத்தைத் தரும் லைக்கோப்பீன் சரியாக உருவாகாமல், பழம் மஞ்சள் கலந்த நிறத்திலேயே நின்றுவிடும். கடுங்கோடையில் பசுமைக்குடிலின் கதவுகளைத் திறந்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரித்தானியாவின் பல பகுதிகளில் மே மாதம் வரை உறைபனி விழக்கூடும். அதனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வீட்டுக்குள் விதைத்து வளர்த்த நாற்றுகளை மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோதான் வெளியில் நடுகிறார்கள். கோடையின் பிற்பகுதியில் மழை மிகுந்தால், உருளைக்கிழங்கைத் தாக்கும் அதே வெளிறல் நோய் தக்காளியையும் அழிக்கும். அதற்குத் தப்பிய செடிகளும் இலையுதிர்கால உறைபனியில் கருகிவிடும்.

கண்ணாடி வரி

இங்கிலாந்துத் தாவரவியலாளர் ஜான் ஜெரார்டு 1597 இல் வெளியிட்ட மூலிகை நூலில் தக்காளி இடம்பெற்றது. தம் தோட்டத்தில் அதை வளர்த்த அவர், அதன் மணத்தை வெறுத்ததோடு, உணவாகவும் அதை மதிக்கவில்லை. அதன்பின் நெடுங்காலம் இங்கிலாந்தில் தக்காளி பெரும்பாலும் அழகுச் செடியாகவே இருந்தது.

அதை நம்பிக்கையோடு பழுக்க வைக்கக் கண்ணாடிக் கூரை வேண்டியிருந்தது. ஆனால் 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கண்ணாடிக்கு எடையைக் கணக்கிட்டு வரி விதிக்கப்பட்டது. கண்ணாடி வீடு செல்வந்தர்களின் மாளிகைத் தோட்டங்களுக்கே உரியதாயிற்று. 1845 இல் இவ்வரி நீக்கப்பட்டபின் கண்ணாடி விலை குறைந்தது. ஜோசப் பாக்சுடன் வடிவமைத்து 1851 இல் இலண்டனில் எழுந்த பளிங்கு அரண்மனை, கண்ணாடிக் கட்டடங்களின் மீதான ஆர்வத்தை மேலும் வளர்த்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இலண்டனுக்கு வடக்கே உள்ள லீ பள்ளத்தாக்கிலும், தென்கடற்கரையின் வொர்திங் நகரத்தைச் சுற்றியும் பசுமைக்குடில்கள் பெருகின.

கெர்ன்சித் தீவு

பிரான்சுக் கரைக்கு அருகில் உள்ள கெர்ன்சி, பிரித்தானிய முடியாட்சிக்கு உட்பட்ட தீவு. அங்கே கண்ணாடி வீடுகளில் முதலில் திராட்சையே வளர்க்கப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தக்காளி அதன் இடத்தைப் பிடித்தது. மூலத் தீவைவிட இங்கே வெயில் அதிகம், குளிர் குறைவு. பழம் முன்னதாகவே விளைந்ததால் இங்கிலாந்துச் சந்தையில் நல்ல விலை கிடைத்தது. தக்காளி தீவின் முதன்மை ஏற்றுமதியாயிற்று.

1940 ஜூன் மாதத்தில் பிரான்சு செர்மனியிடம் வீழ்ந்தபோது, பிரித்தானியா தன் படைகளைத் தீவிலிருந்து விலக்கிக்கொண்டது. அச்செய்தி செர்மனிக்கு உரிய நேரத்தில் அறிவிக்கப்படவில்லை. அது அறுவடைக் காலம். ஜூன் 28 மாலை, செயின்ட் பீட்டர் போர்ட் துறைமுகத்தில் கப்பலில் சரக்கேற்றுவதற்காகத் தக்காளி லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றைப் படை வண்டிகள் என்று கருதிய செர்மானிய விமானங்கள் குண்டு வீசின. லாரிகளின் அடியில் பதுங்கியவர்களும் உயிர் தப்பவில்லை. கெர்ன்சியில் 30 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டு நாட்களில் தீவு செர்மனியின் பிடிக்குள் வந்தது. 1945 மே 9 வரை அந்நிலை நீடித்தது. அக்காலத்தில் தீவின் கண்ணாடி வீடுகள் உள்ளூர் மக்களின் உணவுத் தேவைக்குப் பயன்பட்டன.

போர்க்கால வீட்டுத் தோட்டங்கள்

கெர்ன்சித் தக்காளி நின்றது. வெளிநாட்டுப் பழங்களும் அரிதாயின. 1939 இல் தொடங்கப்பட்ட 'வெற்றிக்காகத் தோண்டுவோம்' இயக்கம், புல்வெளிகளையும் பூந்தோட்டங்களையும் காய்கறிப் பாத்திகளாக மாற்றும்படி மக்களைத் தூண்டியது. உயிர்ச்சத்து சி நிறைந்த தக்காளியை வளர்க்கும் முறையை அரசின் துண்டறிக்கைகள் விளக்கின. பசுமைக்குடில் இல்லாதவர்கள் தெற்கு நோக்கிய சுவரின் ஓரத்தில் செடியை நட்டனர். பகலில் வெப்பத்தை ஏற்கும் செங்கல் சுவர், இரவில் அதை மெல்ல வெளியிடும். முன்பு மாளிகைத் தோட்டக்காரர்கள் அறிந்திருந்த நுட்பங்கள் இவ்வாறு சாதாரண வீடுகளுக்கும் வந்துசேர்ந்தன.

செங்காயும் எத்திலீனும்

தக்காளி பழுக்கக் காயின்மீது வெயில் பட வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. முற்றிய காய்க்குத் தேவை வெளிச்சமன்று, வெப்பமே. எனவே உறைபனிக்கு முன் பறித்த காய்களை இழுப்பறையில் ஆப்பிளுடனோ வாழைப்பழத்துடனோ வைத்துப் பழுக்க வைப்பர். பழுக்கும் பழம் எத்திலீன் வளியை வெளியிடுகிறது என்பதை 1934 இல் ரிச்சர்டு கேன் ஆப்பிளைக் கொண்டு நிறுவினார். அந்த வளி அருகில் உள்ள முற்றிய காய்களையும் பழுக்கத் தூண்டும். நிறம் மாறத் தொடங்கிய செங்காய் விரைவில் பழுக்கும். முற்றாத இளங்காய் இம்முறையில் நன்கு பழுப்பதில்லை. அத்தகைய பச்சைக் காய்களைச் சர்க்கரையும் வினிகரும் சேர்த்துச் சட்னியாக்கிச் சேமிப்பது ஆங்கிலேய வீடுகளின் வழக்கம்.

இன்றைய நிலை

போருக்குப்பின் கெர்ன்சியின் தக்காளி வணிகம் மீண்டும் தழைத்தது. 1970களில் எரிபொருள் விலை ஏறியதாலும், நெதர்லாந்தின் போட்டியாலும் அது சரிந்தது. இன்று கடைகளில் ஆண்டு முழுவதும் தக்காளி கிடைக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் மட்டும் பழைய கணக்கு மாறவில்லை: கண்ணாடிக்கு உள்ளே ஜூலை, வெளியே ஆகஸ்ட், எஞ்சிய காய்களுக்கு இழுப்பறை.