பூங்கா யாருக்கு? நியூயார்க் பசுமைவெளிகளும் குடியிருப்பு உரிமையும்

2011ஆம் ஆண்டு, நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கில் தொல்லியலாளர்கள் நிலத்தை அகழ்ந்தபோது, ஓர் இரும்புக் கெண்டியும் ஒரு குழந்தையின் காலணியும் வெளிப்பட்டன. பூங்காவுக்கு முன் அங்கே ஓர் ஊர் இருந்தது என்பதற்கு அவை சான்று. பசுமைவெளி உருவாகும்போது அங்கே வாழ்ந்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்ற கேள்வி அந்நகரில் ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் எவ்வாறு உருமாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அந்த ஊரின் பெயர் செனெகா வில்லேஜ். 1825 முதல் கறுப்பின மக்கள் அங்கே மனை வாங்கிக் குடியேறினர். 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருந்தால்தான் கறுப்பின ஆணுக்கு வாக்குரிமை என்று அன்றைய மாநிலச் சட்டம் வகுத்திருந்தது. ஆகவே, சொந்த மனை அவர்களுக்கு அரசியல் உரிமைக்கும் அடிப்படை. 1855 கணக்கெடுப்பின்போது சுமார் 225 பேர் அங்கே வாழ்ந்தனர். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவர், மற்றவர்களுள் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். மூன்று தேவாலயங்களும் ஒரு பள்ளியும் இருந்தன. 1853இல் பூங்காவுக்காக நிலத்தைக் கையகப்படுத்தச் சட்டம் இயற்றப்பட்டது. 1857க்குள் ஊர் காலியானது. உரிமையாளர்களுக்கு இழப்பீடு தரப்பட்டாலும், சிதறிய சமூகம் வேறெங்கும் மீண்டும் ஓர் ஊராகக் கூடவில்லை.

21ஆம் நூற்றாண்டில் வெளியேற்றத்தின் வழிமுறை மாறியது. சரக்கு ரயிலுக்காக 1934இல் திறக்கப்பட்டு, 1980க்குப் பின் கைவிடப்பட்ட மேம்பாலப் பாதை, 2009இல் ஹை லைன் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2005இல், அப்பகுதியின் நிலப்பயன்பாட்டு விதிகளை மாநகர நிர்வாகம் மாற்றி, உயரமான கட்டடங்களுக்கு வழிவிட்டிருந்தது. ஆடம்பர அடுக்ககங்கள் எழுந்தன, மனை விலை ஏறியது. அருகிலேயே அரசு வாடகைக் குடியிருப்புகளில் குறைந்த வருவாய்க் குடும்பங்கள் வாழ்ந்தன. பூங்காவை உருவாக்கப் பாடுபட்டவர்களுள் ஒருவரான ராபர்ட் ஹாமண்ட், அக்கம்பக்கத்தினருக்காக எண்ணிய முயற்சி அவர்களைச் சென்றடையத் தவறியதை 2017இல் ஒப்புக்கொண்டார். வடிவமைப்பு எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டதற்குப் பதிலாக, உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டிருக்கவேண்டும் என்றார்.

பசுமை வந்ததும் விலை ஏறி, அங்கே வாழ்பவர்கள் நெருக்கப்படும் இந்தப் போக்குக்கு ஆய்வுலகம் தந்த முக்கியமான மறுமொழி புரூக்ளினின் கிரீன்பாயின்ட்டிலிருந்து வந்தது. அங்குள்ள நியூடவுன் கிரீக் ஓடையில் 1978இல் பெரும் எண்ணெய்க் கசிவு கண்டறியப்பட்டது. அப்பகுதியை ஆராய்ந்த புவியியலாளர்கள் வினிஃப்ரெட் கரனும் டிரினா ஹாமில்டனும் 2012இல் 'நீதியான அளவுக்குப் பசுமை' என்ற கருத்தை முன்வைத்தனர். நஞ்சை அகற்றவேண்டும்; ஆனால் அதற்காகத் தொழிற்கூடங்களையும் உழைப்பாளர் குடும்பங்களையும் அகற்றக்கூடாது என்பதே அதன் சாரம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஒட்டி 2007இல் திறக்கப்பட்ட நடைபாதை இதற்குக் கண்கூடான சான்று. படிகளில் இறங்கி நீரருகே நின்றால் எதிரே தெரிவது வேலை நடக்கும் தொழிற்கரை. ஜெனிஃபர் வோல்ச்சும் அவருடைய சகாக்களும் 2014இல் இக்கருத்தைப் பொதுச் சுகாதாரம், சூழலியல் நீதி ஆகியவற்றோடு இணைத்து விரித்தனர்.

எனினும் இதற்கொரு வரம்பு உண்டு. ஏழைகளுக்குக் குறைந்த பசுமையே போதும் என்று இதைத் திரித்துவிடக்கூடாது. நல்ல நிழலும் தூய காற்றும் எல்லோருக்கும் உரியவை. வாடகை ஏறிவிடுமே என்று அஞ்சி மரத்தை மறுக்கும் நிலைக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளுவதும் அநீதியே.

1857இல் மக்களை அகற்றியது சட்டம். 2009க்குப் பின் நெருக்குவது விலை. இரண்டிலும் விடுபட்டது ஒன்றே: பூங்காத் திட்டம் வரையப்படுமுன், அங்கே வாழ்பவர்களின் வீடு உறுதிசெய்யப்படவில்லை. வாடகைக் கட்டுப்பாடு, அரசுக் குடியிருப்புகளின் பராமரிப்பு, உள்ளூர் வேலைவாய்ப்பு ஆகியவை பூங்காவின் முதல் வரைபடத்திலேயே இடம்பெறவேண்டும். மரம் வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதை நட்ட நாளில் அங்கிருந்த குழந்தை, வளர்ந்தபின்னும் அதன் நிழலில் இருக்கிறதா என்பதே பசுமையின் அளவுகோல்.