ஆளும் ஏடும்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆளடையாளச் சான்றின் வரலாறு

அரசாங்க அலுவலகமொன்றிற்குச் சென்று தம்மைப் பற்றிய பதிவொன்றைக் கேட்கும் ஒருவர், அப்பதிவுக்குரியவர் தாமே என்பதை முதலில் நிறுவ வேண்டியவராகின்றார். எளியதுபோலத் தோன்றும் இந்நிபந்தனை தன்னுள் ஒரு முரண்பாட்டைக் கொண்டுள்ளது. ஆளை நிறுவுவதற்கு ஏடு வேண்டும். ஏட்டைப் பெறுவதற்கோ ஆளை நிறுவ வேண்டும். ஏடு கையிலுள்ளவருக்கு இம்முரண்பாடு புலப்படுவதில்லை. அதனை இழந்தவருக்கு அதுவே பெருந்தடையாக அமைந்துவிடுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இம்முரண்பாடு காலத்துக்குக் காலம் எவ்வாறு தீர்க்கப்பட்டது, அதனைத் தீர்த்துவைக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாண இராச்சியம் 1619 இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658 இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. இவ்விரு ஆட்சியாளரும் இங்கு விட்டுச்சென்ற சொற்களுள் ‘தோம்பு’ என்பது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. நிலத்தையும் அதன் உடைமையாளரையும் பதிந்த ஏடு காணித் தோம்பு எனப்பட்டது. ஆட்களையும் அவர்தம் கடப்பாடுகளையும் பதிந்த ஏடு தலைத் தோம்பு எனப்பட்டது. தலைவரியையும் ஊழியத்தையும் அறவிடுவதே இவ்வேடுகளின் முதன்மையான பயனாகும். எனவே அன்று மனிதன் ஏட்டைத் தேடிச் செல்லவில்லை. ஏடே மனிதனைத் தேடி வந்தது. தன் பெயர் ஏட்டில் ஏறாதிருப்பதே நலம் எனக் குடியானவன் கருதியிருப்பின் அதில் வியப்பதற்கில்லை.

எனினும் ஒல்லாந்தர் காலத்திலேயே இந்நிலை மாறத் தொடங்கிவிட்டது. கோவிற்பற்றுகள்தோறும் தேவாலயத்தையொட்டி அமைந்த பாடசாலைகளில் ஞானஸ்நானம், விவாகம் முதலியன பதியப்பட்டன. இவையே பாடசாலைத் தோம்புகள் எனப்பட்டன. இவற்றைப் பேணும் பொறுப்பு சட்டம்பியாரைச் சார்ந்தது. ஒருவரது வயது, அவர் சட்டபூர்வமான பிள்ளை என்பது, அவரது முதுசொத்துரிமை ஆகியவற்றுக்கு இப்பதிவுகள் ஆதாரமாயின. பிற்காலத்து நீதிமன்ற வழக்குகளிலும் தோம்பேடுகள் சான்றாகக் காட்டப்பட்டன. அரசுக்காக எழுதப்பட்ட ஏடு, இவ்வாறு குடிமகனும் நாட வேண்டிய ஏடாயிற்று.

இதன் விளைவொன்று மனங்கொள்ளத்தக்கது. ஏட்டில் இடம்பெறுவதற்கு ஞானஸ்நானம் வழியாக இருந்தமையால், சைவ ஒழுக்கத்தை வீட்டில் விடாது பேணிய குடும்பங்களும் பெயரளவிற் கிறிஸ்தவர்களாகப் பதியப்பட்டன. ஊர் அழைக்கும் பெயர் ஒன்றாகவும் ஏடு அறியும் பெயர் வேறொன்றாகவும் அமையும் நிலை இவ்வாறு தோன்றிற்று. ‘ஆளும் ஏடும் ஒன்றா?’ என்னும் வினா யாழ்ப்பாணத்தில் அன்றே முளைகொண்டுவிட்டது எனலாம்.

அவ்வினாவுக்கு அக்காலச் சமூகம் அளித்த விடையைத் தேசவழமையிற் காணலாம். ஒல்லாந்தத் தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் என்பவரின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இவ்வழமைகளைத் திரட்டினார். 1707 இல் நிறைவெய்திய அத்தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களாற் பரிசீலிக்கப்பட்டது. பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் அதனை ஏற்றுக்கொண்டனர். காணி விற்க விரும்புபவர் அதனை உரித்தாளர், பங்காளர் முதலியோர் அறியச் செய்ய வேண்டுமென்பது அதிற் காணப்படும் விதியாகும். ஒல்லாந்தர் காலத்தில், விற்பனை பற்றிய அறிவித்தல் அவ்வூருக்குரிய தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிற் செய்யப்பட்டது. முன்னீட்டுரிமையைக் காப்பதே இதன் நோக்கமாயினும், இதனால் வேறொரு பயனும் விளைந்தது. விற்பவர் உண்மையில் உரியவர்தாமா என்பதை ஊர் முழுவதும் கேட்டுத் தீர்மானிக்க வாய்ப்பிருந்தது. இங்கு ஆளடையாளத்துக்குச் சான்று ஏடு அன்று. ஊரின் நினைவே சான்றாகும்.

பிரித்தானியர் ஆட்சியில் இவ்வூரறிவு சட்டத்தின் வடிவத்தைப் பெற்றது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம், காணி உறுதிகள் நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் கைச்சாத்திடப்பட வேண்டுமென விதித்தது. 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம், உறுதியை முடிப்பவரை நொத்தாரிசு நேரில் அறிந்திருத்தல் வேண்டும், அன்றேல் அவரை அறிந்த சாட்சிகளை நொத்தாரிசு அறிந்திருத்தல் வேண்டும் என்றது. ‘அறிந்திருத்தல்’ என்னும் இச்சொல்லே இங்கு முக்கியமானது. அட்டையோ நிழற்படமோ புழக்கத்தில் இல்லாத காலத்தில், ஒரு மனிதர் இன்னொரு மனிதரை அறிந்திருத்தலே சட்டத்தின் அடித்தளமாயிருந்தது.

இதே நூற்றாண்டிற்றான் பதிவேடும் விரிவடைந்தது. 1863 ஆம் ஆண்டின் காணிப் பதிவுக் கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து 1864 இற் பதிவாளர் நாயகம் திணைக்களம் தொடங்கிற்று. 1867 இலிருந்து பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகியனவும் அதன் பொறுப்பாயின. சமயச் சார்பின்றி எல்லோரும் ஏட்டில் இடம்பெறும் வழி இதனால் திறந்தது. ஆயினும் ஏட்டுக்கும் ஆளுக்கும் இடையே நின்றவர் விதானையாரே. இன்னார் இன்னாரின் மகன், இவ்வூரில் இத்தனை காலம் வசிப்பவர் என்னும் அவரது சொல்லைக் கச்சேரி ஏற்றது.

இம்முறையின் சிறப்பை மட்டும் கூறி அமைவது வரலாற்றுக்குப் பொருந்தாது. விதானையார், உடையார், மணியகாரர் ஆகிய பதவிகள் பெரும்பாலும் நிலவுடைமை கொண்ட ஆதிக்க சாதியினர் வசமே இருந்தன. ஒடுக்கப்பட்ட மக்களைப் பொறுத்தவரை, தாம் யார் என்பதைத் தம்மை ஒடுக்குவோரே உறுதிப்படுத்த வேண்டிய நிலை நிலவியது. ஊரறிவு என்பது ஊரிலுள்ள எல்லோரதும் அறிவன்று. ஊரில் அதிகாரம் பெற்றோரது அறிவே அவ்வாறு வழங்கப்பட்டது. 1963 இல் தலைமைக்காரர் முறை ஒழிக்கப்பட்டு, பரீட்சை மூலம் தெரிவு செய்யப்பட்ட கிராம சேவகர் நியமிக்கப்பட்டமையை இப்பின்னணியிலேயே மதிப்பிடல் வேண்டும். சான்றளிக்கும் அதிகாரம் குடிப்பிறப்பிலிருந்து உத்தியோகத்துக்கு இடம்பெயர்ந்தமை சமூக வரலாற்றில் ஒரு முன்னேற்றப் படியாகும்.

நினைவையே நம்பியிருப்பதன் இடர்ப்பாட்டை வங்காளத்துப் பாவல் வழக்கு உலகுக்கு உணர்த்தியது. 1909 இல் டார்ஜிலிங்கில் இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட பாவல் சமீன் குமாரர் தாமே எனக் கூறிக்கொண்டு, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் டாக்காவில் ஒரு துறவி தோன்றினார். உடன்பிறந்தவர் அவரை ஏற்றனர், மனைவி மறுத்தார். உடலடையாளம், நடை, பேச்சு, நினைவு எனப் பலவும் ஆராயப்பட்டு, 1936 இல் டாக்கா நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கோமறைக் கழகம் அதனை உறுதிசெய்தது 1946 இலாகும். செல்வமும் வழக்கறிஞரும் வாய்த்தவருக்கே தம்மை நிறுவ இத்தனை காலம் சென்றதெனின், ஏழை ஒருவரின் நிலை கூறவேண்டியதில்லை.

இலங்கையில் ஏடில்லாமையின் கொடுமை 1948 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, 1948 நவம்பர் 15 ஆந் திகதிக்கு முன் இங்கு பிறந்தவர் வம்சாவழிப் பிரஜையாவதற்குத் தந்தையார் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். பிறப்புப் பதிவே 1867 இற்றான் தொடங்கியது என்பதை இதனோடு பொருத்தி நோக்குவோமாயின், பூட்டனாரின் பிறப்பை நிறுவுமாறு கேட்பது இல்லாத ஏட்டைக் கேட்பதேயாகும் என்பது தெளிவாகும். மலையகத் தோட்டத் தொழிலாளர் பல இலட்சம் பேர் நாடற்றோராக்கப்பட்டமைக்கு இச்சான்று நிபந்தனையே கருவியாயிற்று. சான்று கேட்கும் முறையே உரிமையை மறுக்கும் முறையாக மாறக்கூடும் என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டமும், 1972 இல் வழங்கத் தொடங்கிய தேசிய அடையாள அட்டையும் புதிய கட்டத்தைக் குறிப்பன. பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதலிரண்டும் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும். பெண்களுக்கு நாட்கணக்குடன் 500 கூட்டப்படும். 1955 பெப்ரவரி 1 ஆந் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 55532 எனத் தொடங்கும். 2016 முதல் இது பன்னிரண்டு இலக்கமாயிற்று. எனினும் அட்டைக்கான விண்ணப்பத்தைக் கிராம சேவகரோ, பாடசாலை அதிபரோ, தோட்டத் துரையோ உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. இலக்கமிட்ட நவீன அட்டையின் அடியிலும் ‘இவரை நான் அறிவேன்’ என்னும் பழைய வாக்கியமே கிடக்கின்றது.

அவ்வாக்கியத்தைச் சொல்லக்கூடிய அயலையே போர் சிதறடித்தது. 1983 இன் பின் பல்லாயிரவர் தமிழ்நாட்டு முகாம்களை அடைந்தனர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்குக் கரையோரக் கிராமங்களை அழித்தது. வீட்டோடு உறுதியும் பிறப்புச் சான்றிதழும் அட்டையும் போயின. யாழ்ப்பாணத்துப் பழைய கச்சேரிக் கட்டடமும் போரிற் சிதைந்தது. ஆள் ஓரிடத்திலும், ஏடு வேறிடத்திலும், அறிந்தவர் கடல் கடந்தும் இருக்கும் நிலை உருவாயிற்று.

இந்நிலையிற் கைகொடுத்தவை சட்டத்திலேயே இருந்த சில சிறு வழிகளாகும். பிறப்புப் பதிவேடு ஒருவகையிற் பொது ஏடு. பெயர், பிறந்த திகதி, இடம் முதலிய விபரங்களைக் கூறிக் கட்டணம் செலுத்துவோர் பிரதி பெறலாம். பதிவு காணப்படாவிடின், தேடியும் கிடைக்கவில்லை என்னும் பெறுபேற்றையும் சத்தியக் கடதாசியையும் கொண்டு உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். ஏடு இல்லை என்பதையே ஓர் ஏடாக்கி, அதன்மீது புதிய ஏட்டை எழுப்பும் இம்முறை, தொடக்கத்திற் கூறிய முரண்பாட்டை அறுக்கும் நுட்பமான வழியாகும். 2009 இன் பின் நடைபெற்ற நடமாடும் சேவைகளும் குறிப்பிடத்தக்கன. பதிவாளர், கிராம அலுவலர், சமாதான நீதவான் ஆகியோர் ஒரே மண்டபத்தில் அமர்ந்தமையால், வாரக்கணக்கான அலைச்சல் ஒரு நாளில் முடிந்தது.

அவ்வாறாயின் சான்று கேட்பதே தவறா? அன்று. புலம்பெயர்ந்தோர் காணிகளை ஆள்மாறாட்டத்தாலும் போலி அற்றோணித் தத்துவத்தாலும் கைமாற்றும் மோசடிகள் குடாநாட்டில் அண்மைக் காலத்திற் பல வெளிவந்துள்ளன. அறிந்திருத்தல் என்னும் நிபந்தனை வெறும் சம்பிரதாயமாகும்போது விளைவது இதுவே. பிறநாட்டு அனுபவமும் இதனை ஒத்ததே. ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் ஒருவர் 2019 இல், தம் வருங்கால மனைவியின் சம்மதத்துடன், அவர் பெயரில் பல நிறுவனங்களிடம் தனிப்பட்ட விபரங்களைக் கோரியபோது, விபரம் வைத்திருந்தவற்றுள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கின தகுந்த சான்றின்றியே அவற்றைக் கொடுத்துவிட்டன. தன் ஏட்டைத் தான் காணும் உரிமை, காவலின்றேல் பிறர் திருடும் வாயிலாகிவிடும்.

இலங்கையின் அண்மைக்காலச் சட்டங்களும் இவ்விரு முனைகளுக்கிடையே நிற்கின்றன. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. தகவல் கேட்பவர் காரணம் கூற வேண்டியதில்லை. ஆனால் ஒருவரது அந்தரங்கத்தை ஊறுபடுத்தும் தகவலை, பொதுநலன் வேண்டினாலோ உரியவர் எழுத்திற் சம்மதித்தாலோ அன்றிக் கொடுத்தலாகாது. எனவே தம் கோவையைத் தாமே கேட்பவரும் ‘உரியவர் நானே’ என நிறுவ வேண்டியவராகின்றார். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், கோருபவரின் ஆளடையாளத்தை நிறுவ இயலாமையை மறுப்புக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கொள்கின்றது.

இவையனைத்தும் கேட்பவர் உயிருடன் வந்து நிற்கின்றார் என்னும் எண்ணத்தில் எழுந்தவை. வரமுடியாதவர்களின் நிலை யாது? காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் பலர், இறந்தமைக்குச் சான்றின்றி இறப்புச் சான்றிதழை ஏற்க மறுத்தனர். அச்சான்றிதழின்றிக் காணியோ வங்கிப் பணமோ கைக்கு வாராது. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், இறப்பெனவும் உயிருடனெனவும் கூறாத ‘காணாமற்போனமைச் சான்றிதழை’ அறிமுகஞ் செய்தது. தாய் ஒருவர் தம் மகனின் ஏட்டைக் கேட்கும்போது நிறுவ வேண்டியது தம்மை மட்டுமன்று. மகன் என்றொருவன் இருந்தான் என்பதையுமாகும். பிறப்புச் சான்றிதழும் பாடசாலை வரவேடும் அங்கு அவனுக்காகப் பேசுகின்றன.

தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். சட்டம்பியார் முதல் கிராம அலுவலர் வரை, ஏட்டின் பின்னால் எப்பொழுதும் ஒரு மனிதரின் அறிவும் நாணயமும் இருந்தே வந்துள்ளன. ஏடு அம்மனிதரின் பாரபட்சத்தைக் கட்டுப்படுத்தியது. அம்மனிதர் ஏட்டின் குருட்டுத்தன்மையை ஈடுசெய்தார். இவற்றுள் ஒன்றை மட்டும் நம்பிய காலங்களில் ஒடுக்கப்பட்டோரும் ஏதிலிகளுமே முதலில் இழப்புற்றனர். ஆகவே கேட்கப்படும் சான்று, கோரப்படும் பதிவின் தன்மைக்கு ஏற்ற அளவினதாதல் வேண்டும். சான்றை இழந்தவருக்கு மாற்றுவழி எதுவென்பது அலுவலகச் சுவரிலேயே அவர் மொழியில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். மறுப்பவர் மறுப்புக்குரிய காரணத்தை எழுத்திற் கொடுத்தல் வேண்டும். ஏட்டை இழந்த மனிதர் தம்மையே இழந்தவராகிவிடாது காப்பதே பதிவேடுகளைப் பேணும் அரசின் கடனாகும்.