தங்கம் சோம்பேறியா?

மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதித் தாங்க சார்" என்று கேட்டதுமே, 1987 ஏப்ரலில் நம் வேதியியல் ஆய்வகத்தில் நடந்த வாய்மொழித் தேர்வுதான் என் நினைவுக்கு வந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: "தங்கம் நல்ல வினையூக்கியாப்பா?" "இல்லீங்க சார். அது எதோடயும் சேராது" என்றேன். "கரெக்ட்" என்று தலையாட்டினார். அந்தப் பதில் தப்பு என்று எனக்குத் தெரியப் பல வருடங்கள் ஆயின. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பழுக்கக் காய்ச்சிய கரியின் மேல் நீராவியைச் செலுத்தினால் ஹைட்ரஜன் வரும். கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்து ஆளைக் கொல்லும் அதே வாயு, உலோக வினையூக்கியையும் முடக்கிவிடும். ஜெர்மனியில் 1913-இல் ஓப்பாவ் அம்மோனியா ஆலை தொடங்கிய காலத்திலேயே இது பெரிய தலைவலி. கார்ல் போஷின் குழுவினர் இரும்பு ஆக்சைடு, குரோமியம் ஆக்சைடு கலந்த வினையூக்கியைக் கொண்டு அதை நீராவியோடு வினைபுரிய வைத்துக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றினார்கள். மிச்சத்தைச் செம்புக் கரைசலால் கழுவி எடுத்தார்கள்.

பிளாட்டினத்தின் மேல் என்ன நடக்கிறது என்பதை 1922-இல் இர்விங் லாங்மூர் விளக்கினார். நம் டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதே கதைதான்! மோனாக்சைடு எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ள, ஆக்ஸிஜன் நின்றுகொண்டே வருகிறது. சூடேற்றினால்தான் இடம் காலியாகும்.

எரிபொருள் மின்கலம் வந்தபோது இந்தச் சிக்கல் இன்னும் முற்றியது. சுமார் 80 டிகிரியில் இயங்கும் அதன் பிளாட்டின மின்முனைக்கு, ஹைட்ரஜனில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு மோனாக்சைடு இருந்தாலே போதும், மின்சாரம் குறைந்துவிடும். கொஞ்சம் ஆக்ஸிஜன் விட்டு மோனாக்சைடை மட்டும் எரிக்க வேண்டும், ஹைட்ரஜனைத் தொடக்கூடாது. 1960-களிலேயே அமெரிக்காவில் பிளாட்டினத்தைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் அதற்குச் சூடு வேண்டியிருந்தது.

நான் "கரெக்ட்" வாங்கிய அதே 1987-இல், ஜப்பானின் ஓசாகாவில் மசடாகே ஹருடாவும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தங்கத்தை மிக நுண்ணிய துகள்களாக இரும்பு ஆக்சைடு போன்றவற்றின் மேல் படியவைத்தால், மைனஸ் 70 டிகிரியில்கூட மோனாக்சைடை எரிக்கிறதாம்! கட்டியாக இருக்கும்போது சும்மா கிடக்கும் தங்கம், ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கு அளவுக்குச் சிறுத்ததும் சுறுசுறுப்பாகிவிடுகிறது. அதன் மேல் மோனாக்சைடு லேசாகத்தான் ஒட்டும்; துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லை.

அப்படியானால் தங்கம் ஜெயித்துவிட்டதா? முழுக்க இல்லை. மின்கலத்தின் சூட்டில் அது ஹைட்ரஜனையும் சேர்த்து எரிக்கத் தொடங்குகிறது. துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்தாலும் வேகம் போய்விடும். 2009-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த வீட்டு மின்கலங்களில் இந்த வேலைக்குக் கைகொடுத்தது ருத்தேனியம்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அன்று என் பதில் பாடப்புத்தகப்படி சரி. ஆனால் "எவ்வளவு பெரிய தங்கம் சார்?" என்று திருப்பிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்காவது தோன்றட்டும்.

வாழ்க நம் கல்லூரி!