தாத்தாவைத் தேடும் அயர்லாந்துக்காரர்களும் ஆனி மூரும்

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மில் பாதிப் பேருக்கு அதில் என்ன எழுதுவது என்று தெரியாது. அப்பா பெயரை எழுதிவிட்டு வந்துவிடுவோம். அயர்லாந்துக்காரர்களின் குடும்பப் பெயர்களும் பெரும்பாலும் இப்படி வந்தவைதான். 'மாக்' என்றால் மகன், 'ஓ' என்றால் பேரன் அல்லது வழிவந்தவன். ஒரே வித்தியாசம், நம் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். அங்கேயோ ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன்பே யாரோ ஒரு தாத்தாவின் பெயர் அப்படியே குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது.

அவ்வளவு பழைய பெயர் கையில் இருந்தால் மூதாதையரைக் கண்டுபிடிப்பது சுலபம் என்றுதானே தோன்றும்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, பெயரை மட்டும் நம்பிப் போனால் தப்பான வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம்.

முதல் காரணம் ஆங்கிலேயர் ஆட்சி. கேலிக் மொழிப் பெயர்களைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். 'ஓ முர்ஹதா' என்ற பெயர் 'மர்ஃபி' ஆனது. இன்று அயர்லாந்தில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் பெயர் இதுதான். சிலருக்குப் பெயரையே மொழிபெயர்த்துவிட்டார்கள். 'மாக் கவன்' என்றால் கொல்லன் மகன். கேவன் மாவட்டத்தில் அவர்களில் பலர் 'ஸ்மித்' ஆனார்கள். அமெரிக்காவில் உள்ள ஒரு ஸ்மித், தன் முன்னோர் இங்கிலாந்துக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம், பாவம்!

இரண்டாவது, பஞ்சம். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. 1852 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். 1841-ல் 81 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-ல் 65 லட்சம். கப்பலேறியவர்களின் ஊரைப் பெரும்பாலான அமெரிக்கப் பதிவுகளில் 'அயர்லாந்து' என்று மட்டும் எழுதிவைத்தார்கள். ஆனால் அங்கே 60,000-க்கும் மேற்பட்ட 'டவுன்லேண்ட்'கள் (நம்ம ஊர் குக்கிராமம் போன்ற சிறு நிலப்பிரிவு) இருக்கின்றன. ஒரு மர்ஃபியை எங்கே போய்த் தேடுவது?

மூன்றாவதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினில் 'ஃபோர் கோர்ட்ஸ்' வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. கருகிய காகிதங்கள் நகரத்தின் மேல் பறந்தனவாம். 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும் பெரும்பாலும் சாம்பல். அதற்கடுத்த நான்கையும் சண்டை அழிக்கவில்லை, அரசாங்கமே அழித்தது! 1881, 1891 தாள்களை முதல் உலகப்போர்க் காலத்தில் கூழாக்கிவிட்டார்கள். ஆக, முழுசாக மிஞ்சியவற்றில் பழையது 1901 கணக்கெடுப்புதான்.

அதற்கு முன்னால் போக மாற்று வழிகள் உண்டு. 1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் நடந்த நில மதிப்பீட்டில் யார் யாரிடம் குத்தகைக்கு இருந்தார் என்பது ஊர்வாரியாக இருக்கிறது. கத்தோலிக்கக் கோயில்களின் ஞானஸ்நானப் புத்தகங்கள் அந்தக் காப்பகத்தில் இல்லாததால் தப்பின. 2015-ல் அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்தது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஊர் தெரிய வேண்டுமே!

ஊர் கிடைக்கும் இடங்களில் ஒன்று பழைய செய்தித்தாள். பாஸ்டன் நகரில் வந்த 'பைலட்' பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை 'காணாமல் போன நண்பர்கள்' என்று ஒரு பகுதி. அண்ணனைத் தேடும் தங்கை, கணவனைத் தேடும் மனைவி என்று 40,000-க்கும் மேல் விளம்பரங்கள். எந்த மாவட்டம், எந்த ஊர், எந்தக் கப்பல் என்று பலர் விவரமாகக் கொடுத்திருக்கிறார்கள். அன்று காசு கொடுத்து அழுத அழுகை இன்று பேரப்பிள்ளைகளுக்கு முகவரி.

இப்போது ஆனி மூர். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலாவதாகப் பதிவான பெண். கார்க் மாவட்டத்தில் இருந்து இரண்டு தம்பிகளோடு வந்தாள். பத்து டாலர் தங்கக் காசு பரிசு கொடுத்தார்கள். (அந்தத் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்கள் சொல்லும். கப்பலில் வந்த பட்டியலை வைத்துத்தான் அங்கே சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் வந்தவர்களேதான்.)

அவள் பிறகு மேற்கே போய், ஓகானல் என்பவரை மணந்து, 1923-ல் டெக்சாஸில் டிராம் மோதி இறந்தாள் என்று பல வருடங்கள் எல்லோரும் நம்பினார்கள். அந்தக் குடும்பத்தாரை விழாக்களுக்கும் அழைத்தார்கள். மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் மட்டும் கணக்கெடுப்புத் தாளைப் பார்த்தார். டெக்சாஸ் ஆனி பிறந்தது இலினாய் மாநிலத்தில்! பெயர் மட்டும்தான் ஒன்று.

உண்மையான ஆனி எங்கே? 2006-ல் அவர் பரிசு அறிவித்துத் தேடினார். துப்பு கிடைத்தது ஆனி வழியாக அல்ல, தம்பி பிலிப்பின் குடியுரிமைப் பத்திரம் வழியாக. ஆனி நியூயார்க்கை விட்டு எங்கும் போகவே இல்லை. ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், ஷேயர் என்ற ஜெர்மன் பெயர்க்காரரை மணந்து, நிறையக் குழந்தைகள் பெற்று, அவற்றில் பலவற்றைப் புதைத்து, 1924-ல் இறந்திருக்கிறாள். ஓகானல் என்ற பெயரில் அயர்லாந்து தெரிந்தது, அதனால் நம்பினார்கள். ஷேயர் என்ற பெயரில் யார் தேடுவார்கள்?

1993-ல் எல்லிஸ் தீவிலும், அவள் கப்பலேறிய கோவ் துறைமுகத்திலும் அவளுக்குச் சிலை வைத்தாகிவிட்டது. அப்போதும் குயின்ஸ் பகுதிக் கல்லறைத் தோட்டத்தில் அவள் குழிக்கு மேல் ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. 2008-ல்தான் அயர்லாந்துச் சுண்ணாம்புக் கல்லில் ஒரு சிலுவை செய்து அங்கே நட்டார்கள்.