அதியமான்: ஒரு பேரும் மூணு கல்லும்

அக்கா பையனுக்கு அதியமான்னு பேர் வைக்கணும்னு மாமா ஒத்தக் கால்ல நிக்கிறார். அக்காவுக்கு இஷ்டமில்ல. "அவ்வைக்கு நெல்லிக்கனி குடுத்த தகடூர் ராஜா"ன்னு போன்ல சொன்னேன். "அது கதை. பேருக்கு அர்த்தம் என்ன?"ன்னு கேட்டுச்சு. நியாயமான கேள்விதாங்க. தேட ஆரம்பிச்சேன்.

முதல் கல் குஜராத்ல, கிர்நார்ல இருக்கு. கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. மனுஷங்களுக்கும் மிருகங்களுக்கும் வைத்தியம் ஏற்பாடு செஞ்சதைச் சொல்ற அசோகர், தன் எல்லைக்குத் தெற்கே இருக்கறவங்கன்னு சோழர், பாண்டியர், ஸதியபுத்திரர், கேரளபுத்திரர்னு வரிசையா சொல்றார். கேரளபுத்திரர் சேரர்னு தெரியும். ஸதியபுத்திரர் யாரு? காஞ்சிபுரம்னாங்க, சத்தியமங்கலம்னாங்க. அதியமான்தான்னும் சிலர் சொன்னாங்க.

முடிச்சை அவிழ்த்தது ரெண்டாவது கல். 1981-ல திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில ஒரு குகையில கிடைச்ச தமிழ் பிராமி கல்வெட்டு. அந்தக் குகையைத் தானமாக் குடுத்தவன் பேர் 'ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி'. ரெண்டு பேரும் ஒரே ஆளுக்கு!

இப்ப அர்த்தம் பாருங்க. புத்திரன்னா மகன். தமிழ்ல 'மகன்' சுருங்கி 'மான்' ஆகும். சேரர் மகன் சேரமான், மலையர் மகன் மலையமான், அதியர் மகன் அதியமான். 'ஸ' எங்க போச்சு? சமணர் அமணர் ஆன மாதிரி, முதல் எழுத்து உதிர்ந்துடுச்சு. ஆக அதியமான்கறது குலப்பேர். அவனோட சொந்தப் பேர் அஞ்சி.

மூணாவது கல் நம்ம நாமக்கல்லயே இருக்கு. கோட்டை மலை அரங்கநாதர் குடைவரையில, 8-ஆம் நூற்றாண்டுல கிரந்த எழுத்துல வெட்டின சமஸ்கிருதக் கல்வெட்டு. கோயில் பேர் 'அதியேந்திர விஷ்ணு கிருகம்'. வெட்டுவிச்சவன் அதியர் குலத்து குணசீலன். இங்க 'மான்' போய் 'இந்திரன்' வந்துட்டார். ஸ்கூல் படிக்கறப்ப எத்தனை தடவை அந்த மலைக்குப் போயிருப்பேன்! ஒரு தடவைகூட அந்த எழுத்தைத் திரும்பிப் பாத்ததில்ல.

எல்லாத்தையும் அக்காகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "மகன்னுதானே அர்த்தம்? சரி, வச்சிரலாம்"னுச்சு.

ஆனா சண்டை முடியலைங்க. பிறப்புச் சான்றிதழ்ல இங்கிலீஷ்ல எப்படி எழுதறதுன்னு இப்ப அடுத்த பஞ்சாயத்து. நடுவுல ஒரு ஹெச் வேணுமா வேண்டாமாங்கறாங்க. மூணு கல்லுலயும் மூணு விதமா எழுதியும் பேர் தொலையல. ஒரு ஹெச்சுலயா தொலையப் போகுது? :)