கடமானுக்கு எந்தத் தோட்டா?

கல்பாத்தி அக்கிரகாரத்தில் உபநயனம் நடக்கும் நாளில், சிறுவனின் பூணூலில் மான்தோலின் சிறு துண்டு ஒன்று கோக்கப்படுவது வழக்கம். புலால் நுகராத தெருவுக்குள் மான் நுழைந்த வழி அது. தெருவைத் தாண்டித் தெற்கே சென்றால் நெல்லியாம்பதி. அதன் பின்னால் பறம்பிக்குளம், ஆனைமலை. அதற்கும் அப்பால் மூணாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த மலைகளில் குடியேறிய ஐரோப்பியத் தோட்டக்காரர் குடும்பங்களில் சிறுவன் வளர்ந்துவிட்டான் என்பதற்கு அடையாளம் வேறொன்று: அவன் கைக்கு வரும் முதல் துப்பாக்கி. அது எத்தகையதாக இருக்க வேண்டும் என்ற கேள்வி பார்வைக்குச் சிறியது. ஆனால் அதற்குள் பௌதிகமும் சட்டமும் ஆட்சியதிகாரமும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டுத் துப்பாக்கியும் ஈழத்துத் துவக்கும் துருக்கி மொழியின் ‘துஃபெக்’ என்னும் ஒரே மூலத்தில் கிளைத்தவை. தோட்டா இந்துஸ்தானியிலிருந்து வந்தது. வெடிக்கும் பொடிக்கு மருந்து என்றும் சிறு ஈயமணிகளுக்கு ரவை என்றும் பெயரிட்ட தமிழர், ஒன்றை வைத்தியரிடமிருந்தும் மற்றொன்றை அடுக்களையிலிருந்தும் எடுத்துக்கொண்டனர். ஆயுதத்தின் பெயர்கள் இப்படிக் கடன்பட்டவையாக இருக்க, விலங்கின் பெயர்களோ மண்ணுக்கே உரியவை. கடமானைத் தென்மாவட்டங்களில் மிளா என்பர். மலையாளத்திலும் ஏறத்தாழ அதே சொல்தான். கேழையாடும் அவ்வாறே இரு மொழிக்கும் பொது. சங்க இலக்கியம் வருடை என்று குறித்த வரையாடு, பெயருக்கேற்ப ஆட்டினமே. ஆயினும் வேட்டைக்காரரின் கணக்கில் அதுவும் மானோடு சேர்த்தே எண்ணப்பட்டது.

இவ்விலங்குகளின் வேறுபாடுதான் துப்பாக்கித் தேர்வின் அடிப்படை. கேழையாடு இருபது கிலோ அளவினது. புள்ளிமான் கிடா எண்பது கிலோவை எட்டும். கடமான் கிடாவோ முந்நூறு கிலோவையும் தொடக்கூடும். கேழையாட்டை இரட்டைக்குழல் துப்பாக்கியின் பருமணி ரவையாலேயே வீழ்த்திவிடலாம். அதே ரவையைக் கடமான் மேல் தூரத்திலிருந்து சுட்டால், தடித்த தோலும் தசையும் அதைத் தாங்கிக்கொள்ளும். விலங்கு சோலைக்குள் புகுந்து, நாட்கணக்கில் நொந்து சாகும், அல்லது செந்நாய்களுக்கு இரையாகும். வரையாட்டைத் திறந்த புல்வெளியில் வெகுதொலைவிலிருந்தே குறிவைக்க முடியும் என்பதால், அங்கே வேண்டியது பருத்த குண்டன்று. நேர்கோட்டில் பாயும் விரைந்த குண்டு. ஒரே மலையில், ஒரே காலைப்பொழுதில், இருவேறு துப்பாக்கிகளுக்குத் தேவை எழுந்தது.

சிறுவனுக்கோ இன்னொரு தடை, துப்பாக்கியின் உதை. கரும்பொடிக் காலத்தில் குண்டின் வலிமையைக் கூட்ட ஒரே வழி, குழலின் அளவையும் மருந்தையும் கூட்டுவது. அது தோளில் இடிக்கும், இடிக்குப் பயந்தவன் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடுவான், குறி தப்பும், விலங்கு காயத்தோடு ஓடும். எனவே சிறுவனுக்குப் பெரிய துப்பாக்கியைக் கொடுப்பதும் கொடுமை, மிகச் சிறியதைக் கொடுப்பதும் கொடுமை. குமாவுன் மலையில் வளர்ந்த ஜிம் கார்பெட்டின் இளமை இதற்குப் பெயர்பெற்ற சான்று. அவருக்குக் கிடைத்த முதல் ஆயுதம், வலக்குழல் வெடித்து, பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்ட பழைய வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி. பின்னர் பள்ளி மாணவர் படையின் .450 மார்ட்டினி இரவலாக வந்தது. உதைக்குப் பெயர்போன படைத்துப்பாக்கி அது. 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்குப் பரிசாகப் பெற்ற .275 ரிக்பியோ இலேசானது, உதை குறைந்தது. கற்கும் வயதில் கடினமானதும், கற்றுத் தேர்ந்த பின் எளிதானதும் கைக்கு வந்தன என்பது ஒரு முரண்.

புகையில்லாப் பொடி 1890-களில் பரவியபோது இச்சிக்கல் பாதி தீர்ந்தது. மெல்லிய குழல், சிறிய குண்டு, மிகுந்த வேகம், குறைந்த உதை. ஆனால் உலோக உறையிட்ட அக்குண்டு விலங்கின் உடலை ஊசிபோல் துளைத்து மறுபுறம் போய்விடும். கல்கத்தாவுக்கு அருகே தம்தம் படைக்கலச் சாலையில் இதற்கொரு மாற்று உருவானது: நுனியில் உறையை நீக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டனர், பட்டவுடன் குண்டு மலர்ந்து அகலும். இன்று கொல்கத்தா விமானநிலையம் இருக்கும் வட்டாரம், உலக அகராதிகளுக்குள் நுழைந்தது இந்தக் குண்டின் பெயராகத்தான். போரில் மனிதர்மீது இத்தகைய குண்டைப் பயன்படுத்தலாகாது என்று 1899-இல் ஹேக் மாநாடு அறிவித்தது. வேட்டையிலோ அதுவே முறையான தோட்டாவாக நிலைத்தது. மான் விரைவில் சாகும், ஆகவே அது இரக்கமுடையது என்பது வாதம். மனிதனுக்குக் கொடுமை எனத் தடுக்கப்பட்ட பொருள் விலங்குக்குக் கருணை ஆயிற்று. இந்த வாதத்தைப் பாசாங்கு என்று தள்ளிவிட முடியாது. காயப்பட்ட கடமானின் நிலையை எண்ணினால் அதில் உண்மை உண்டு. ஆனால் அக்கருணையைக் காட்டும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்பது வேறு கேள்வி.

1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விதிவிலக்கு. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் இச்சட்டத்தைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. கல்பாத்தி அடங்கிய மலபார் மாவட்டத்தில் இச்சட்டம் நேராகச் செல்லுபடியானது. மூணாறோ திருவிதாங்கூர் அரசுக்குட்பட்டது. 1907-இல் .450 அளவுள்ள துப்பாக்கிகளின் இறக்குமதியும் தடைசெய்யப்பட்டது. படைக்குரிய மார்ட்டினியின் தோட்டாக்களும் உறுப்புகளும் கிளர்ச்சியாளர் கைக்குப் போய்விடும் என்ற அச்சமே காரணம். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் உடனே .465, .470 எனப் புது அளவுகளை வார்த்தன. இன்றும் வேட்டைத் துப்பாக்கி வல்லுநர்கள் போற்றும் .470-இன் புகழுக்கு வித்திட்டது யானையன்று, அரசின் பயம்.

மலையின் பழங்குடிகளான முதுவர்களின் பேச்சு தமிழின் ஒரு கிளை. தாம் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் மரபு. தடம் பார்த்து மானைக் கண்டறிந்தவர்கள் அவர்கள், சுட்டவர்கள் தோட்டத்துரைகள். 1928-இல் அமைந்த ஹைரேஞ்ச் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் இரவிகுளத்தைத் தன் உறுப்பினருக்குரிய வேட்டைக்காடாகப் பேணியது. காவலர்களாக முதுவர்களை அமர்த்தியது. வரையாடு அங்கே பிழைத்திருப்பதில் அச்சங்கத்துக்குப் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேட்டையின் அறிவு முழுவதும் ஒருவரிடமும், தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேறொருவரிடமும் இருந்ததையும் மறக்கலாகாது. 1971-இல் கேரள அரசு கண்ணன் தேவன் நிலங்களைச் சட்டத்தின் வழி மீட்டது. 1975-இல் இரவிகுளம் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. இடையில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டைக் கணக்கை முடிக்கத் தொடங்கியது.

துப்பாக்கி மட்டும் முடியவில்லை. .303 படைக்குரியது என்பதால் குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவாக நீடிக்க, அந்த இடத்தில் .315 நிலைத்தது. ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டாவின் வழிவந்த அது, ஈஷாப்பூர் தொழிற்சாலையில் ‘விளையாட்டு ரைஃபிள்’ என்ற பெயரிலேயே உருவாகி வந்தது. 2022-இல் பயிரழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கேரள அரசு வழங்கியபோது, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களின் பட்டியல்கள் மீண்டும் தேவைப்பட்டன. பாலக்காட்டு வயலோரத்தில் இன்று கேட்கப்படுவது பன்றிக்கு எந்தத் தோட்டா என்பது. பக்கத்து வயலில் ஆள் இருக்கக்கூடும் என்பதால், துளைத்துக்கொண்டு வெகுதூரம் போகும் குண்டு அங்கே ஆகாது.