வியாழன் கிரகம் ‘சத்தம்’ போடுதா?

“வியாழன் கிரகத்தின் சத்தம்” என்று சமூக ஊடகங்களில் வரும் காணொளிகளைப் பார்த்திருப்பீங்க. அது பாதிதான் உண்மை. விண்வெளியில் ஒலி பரவக் காற்று இல்லை. ஆனால், வியாழனிலிருந்து ரேடியோ அலைகள் நிஜமாவே பூமிக்கு வருது. கருவிகள் அதைச் சத்தமாக மாற்றித் தருகின்றன.

எப்படித் தெரிய வந்தது?

1955-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பெர்னார்ட் பர்க், கென்னத் பிராங்க்ளின் இருவரும் 22.2 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வானத்தை ஆராய்ந்தனர். அடிக்கடி ஓர் இரைச்சல் பதிவானது. பக்கத்துல போகும் ஏதோ வண்டியின் கோளாறு என்றே முதலில் நினைத்தனர். ஆனால், அது நட்சத்திரங்களைப் போல தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக வந்தது. எந்த வண்டியும் அப்படி வராதே! வானத்தில் அந்த இடத்தில் இருந்தது வியாழன்.

அலை எப்படி உருவாகிறது?

வியாழனின் நிலவான ஐஓவில் நூற்றுக்கணக்கான எரிமலைகள் உண்டு. அவை கக்கும் வாயு மின்னூட்டம் பெற்று, வியாழனின் காந்தப்புலத்தில் சிக்கிக்கொள்கிறது. இந்தப் புலத்துக்குள் ஐஓ சுற்றி வரும்போது மின்னோட்டம் உண்டாகிறது. காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழலும் எலக்ட்ரான்கள்தான் ரேடியோ அலைகளை வெளியிடுகின்றன. ஐஓவின் இந்தப் பங்கை 1964-இல் கண்டறிந்தவர் ஆஸ்திரேலியாவின் இ.கே. பிக்.

இதனால என்ன பயன்?

வியாழனின் மேகங்கள் இடத்துக்கு இடம் வெவ்வேறு வேகத்தில் சுற்றுகின்றன. உள்ளே கிரகம் எவ்வளவு வேகமாகச் சுழலுது? ரேடியோ அலைகள் சொன்ன பதில்: ஒரு சுற்றுக்கு 9 மணி 55 நிமிடம். வியாழனுக்கு வலுவான காந்தப்புலம் உண்டு என்பதும், 1973-இல் பயனியர் 10 விண்கலம் அங்கே போவதற்கு முன்பே இந்த அலைகளால் தெரிந்துவிட்டது.

மலாக்காவில் கேட்கலாமா?

வீட்டு எஃப்.எம். ரேடியோவில் முடியாது. மின்னல் எஃப்.எம். போன்ற நிலையங்கள் ஒலிப்பது 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள். வியாழனின் இந்த அலைகள் 40 மெகாஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. சுமார் 20 மெகாஹெர்ட்ஸை எடுக்கும் சிற்றலை ரேடியோவும், திறந்த வெளியில் கட்டிய கம்பி ஆண்டெனாவும் வேண்டும். நாசாவின் ‘ரேடியோ ஜோவ்’ திட்டத்தில் மாணவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள்.

சில நேரம் அது கடல் அலை போல இரையும். சில நேரம் தகரக் கூரையில் கல் கொட்டுவது போலப் படபடக்கும். ஆனா கவனம்: புக்கிட் ரம்பாய் பக்கம் அடிக்கடி வெட்டும் மின்னலும் இதே அலைவரிசையில் இரையும். வியாழன் வானத்தில் இல்லாத நேரத்திலும் சத்தம் கேட்டால், அது வியாழன் இல்லை.